வான்கோழிக்கு ஐந்தாம் நம்பர்

என் துப்பாக்கி உரிமத்தை வாங்கிப் பெயரைப் படித்ததுமே அந்தப் பெண் தமிழுக்கு மாறிவிட்டார்.

"வான்கோழிக்கே? எத்தினை மீற்றரில நிண்டு சுடப்போறீங்கள்?"

நான் கொஞ்சம் திகைத்துத்தான் போனேன். மெல்போர்னின் புறநகரான டாண்டெனாங்கில் இரண்டு டயர் கடைகளுக்கு நடுவில் இருக்கும் வேட்டை, மீன்பிடிச் சாமான் கடை அது. தொப்பியும் தாடியுமாக வெள்ளைக்காரர்கள் வந்துபோகும் இடம். தோட்டா அலமாரிக்கு முன்னால், நெற்றியில் சின்னப் பொட்டும் இடுப்பில் சாவிக்கொத்துமாக ஒரு ஈழத்துப் பெண் நிற்பார் என்று நான் நினைத்திருக்கவில்லை. சட்டையில் குத்தியிருந்த அட்டையில் நிரஞ்சினி என்று போட்டிருந்தது. நாற்பது வயது இருக்கும்.

நான் பொள்ளாச்சிக்காரன். கிளேட்டனில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் என்ஜினியர். கூட வேலை செய்யும் கிரெக் என்பவனோடு காற்றில் எறியும் களிமண் தட்டைக் குறிபார்த்துச் சுடப் போய், அந்தப் பழக்கத்தில் உரிமம் எடுத்து, செகண்ட் ஹேண்டில் ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கியும் வாங்கியிருந்தேன். கிரெக்கின் சித்தப்பாவுக்கு, மெல்போர்னுக்கும் டாஸ்மேனியாவுக்கும் நடுவில் கடலில் இருக்கும் ஒரு தீவில் மாட்டுப் பண்ணை. எந்தக் காலத்திலோ வீட்டில் வளர்த்துத் தப்பிப்போன வான்கோழிகள் அங்கே காடேறிப் பெருகிவிட்டன. நவம்பரில் மூன்று நாள் அங்கே போவதாகத் திட்டம்.

"எத்தனை மீட்டர்னு போய்ப் பார்த்தாதாங்க தெரியும்," என்றேன். "எதுக்கும் நல்லா பெருசா, பவரா இருக்கறதைக் குடுங்க."

அவர் அசையவில்லை. "உங்கட துவக்கில தோட்டா போடுற அறை எத்தினை அங்குலம்? ரெண்டே முக்காலோ, மூண்டோ?"

எனக்குத் தெரியவில்லை. போனில் இருந்த படத்தைக் காட்டினேன். குழலின் அடியில் பொறித்திருந்த எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டே முக்கால்," என்றார். நான் விரலால் காட்டிக்கொண்டிருந்த பெட்டி, தோகை விரித்த வான்கோழிப் படம் போட்டது, மூன்று அங்குலத் தோட்டா.

"உது உங்கட துவக்குக்குள்ள போகும். மூடவும் மூடும். வெடிக்கேக்க என்ன நடக்கும் எண்டு மட்டும் சொல்லேலாது. வேண்டாம்."

பிறகு கண்ணாடி மேசைக்குக் கீழிருந்து இரண்டு சின்னக் குப்பிகளை எடுத்தார். இரண்டிலும் ஈயக் குண்டு, அவர் பேச்சில் சன்னம். ஒன்றில் இருந்தது மிளகு அளவு. மற்றது அதைவிடச் சின்னது.

"இது ரெண்டாம் நம்பர். இது அஞ்சாம் நம்பர். நம்பர் கூடக்கூடச் சன்னம் சின்னனாகும். ரெண்டு குப்பியும் ஒரே நிறைதான். ரெண்டாம் நம்பரில நூறு வருகுது. அஞ்சாம் நம்பரில இருநூறுக்கு மேல. வான்கோழியின்ர உடம்புக்கு ஒருநாளும் சுடக்கூடாது, பிரதீப்குமார். செட்டை, நெஞ்செலும்பு எல்லாம் தடிப்பு. காயத்தோட ஓடிப்போயிடும். தலைக்கும் கழுத்துக்கும்தான் சுடவேணும். கழுத்து எவ்வளவு அகலம் தெரியுமே? உங்கட ரெண்டு விரல். அதில படுறதுக்கு நூறு பெருசு நல்லதோ, இருநூறு சின்னன் நல்லதோ?"

"ஆனா பெருசு ஒண்ணு பட்டாலே போதுமே."

"படவேணுமே."

என்ஜினியரான எனக்கு அந்தக் கணக்கு அங்கேயே விளங்கியிருக்க வேண்டும். ஆனால் கையில் துப்பாக்கி வந்த புதிதில் ஆணுக்கு ஒரு கிறுக்கு வரும். ஐந்தாம் நம்பரில் ஒரு பெட்டி, இரண்டாம் நம்பரில் ஒரு பெட்டி என்று கேட்டேன்.

"ரெண்டாம் நம்பர் என்னத்துக்கு?"

"ரொம்ப தூரத்துல நின்னுச்சுன்னா?"

"தூரத்தில நிண்டாச் சுடாதேங்கோ," என்றார். இருந்தாலும் கேட்டதைக் கொடுப்பதுதான் அவர் வேலை. இரண்டு பெட்டியையும் எடுத்து வைத்தார். கூடவே ஒரு தாளையும் நீட்டினார். அடுத்த ஞாயிறு காலை, கடையே ஒரு கிளப்பில் நடத்தும் சோதனைச் சுடுதல். அவரவர் துப்பாக்கியில் எந்தத் தோட்டா எப்படி விரிகிறது என்று காகிதத்தில் சுட்டுப் பார்க்கலாம். "கட்டாயம் வாங்கோ. பெட்டியில எழுதியிருக்கிறது வேற, உங்கட குழலால வாறது வேற."

போனேன். அதற்கு முன்னால் இன்னும் இரண்டு முறை கடைக்கும் போனேன். உறை வாங்க ஒரு தடவை, எண்ணெய் வாங்க ஒரு தடவை. உண்மையில் தமிழில் பேச ஆள் கிடைத்த சந்தோஷம். அப்படித்தான் அவரைப் பற்றித் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன்.

கிளிநொச்சியில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தவர். போர் முடிந்து மூன்று வருடம் கழித்து அம்மாவோடு படகில் வந்தவர். இருபத்தொரு நாள் கடல். முகாம், பிறகு நோபல் பார்க்கில் ஒரு வாடகை வீட்டின் பின்னறை, ஆறு மாதத்துக்கொருமுறை புதுப்பிக்கிற தற்காலிக வீசா. ஐந்து வருடம் கோழி வெட்டும் தொழிற்சாலையில், நாலு டிகிரிக் குளிரில் நின்று நெஞ்சுக்கறி வேறு, தொடை வேறு என்று பிரித்தார். விரல்கள் மரத்துப்போய் இரவில் வலிக்கும். இந்தக் கடையில் தூண்டில், இரைப் புழு விற்கும் பக்கத்துக்கு ஆள் தேவை என்று அறிந்ததும் வந்து சேர்ந்தார்.

"துப்பாக்கி விக்கிற கடைன்னு யோசிக்கலையா அக்கா?"

"யோசிச்சனான். பிறகு இஞ்ச ஹீற்றர் இருக்கு எண்டு பாத்தனான்," என்று சிரித்தார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் படிக்க அங்கே வேறொன்றும் கிடையாது. தோட்டாக் கம்பெனிகள் அனுப்பும் அட்டவணைகளைப் படிக்க ஆரம்பித்தார். சன்னத்தின் விட்டம், நிறை, வேகம், இத்தனை மீட்டரில் இத்தனை சதவீதம் என்று எல்லாம் கணக்கு. கணக்கு அவருக்குப் பிடிக்கும். மூன்றாவது வருடம், தோட்டா மேசையில் நின்றவர்கள் சந்தேகம் வந்தால் தூண்டில் பக்கம் திரும்பி அவரைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் அலமாரியைத் தொட அவருக்கு அனுமதி இல்லை. பன்னிரண்டு வருடக் காத்திருப்புக்குப் பிறகு நிரந்தர வீசா கிடைத்து, போலீஸ் விசாரணையும் முடிந்த பிறகுதான், கடை முதலாளி ட்ரெவர் அந்தச் சாவிக்கொத்தை அவர் கையில் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்குப் போனபோது காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. ஒரு மணிநேரக் கார்ப் பயணம். தகரக் கொட்டகை ஒன்று. அதற்கு முன்னால் சுடுகிற கோடு. முப்பது மீட்டரிலும் நாற்பது மீட்டரிலும் மரச்சட்டங்களில் பழுப்புக் காகிதம் அடித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு காகிதத்திலும் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம், அதற்குள் வான்கோழியின் தலையும் கழுத்தும். நிரஞ்சினி அக்கா வரைந்து பிரதி எடுத்தது. வான்கோழியின் முகத்தில் அவர் ஒரு கோபத்தையும் வரைந்திருந்தார்.

அவர் கோட்டுக்கு வரவேயில்லை. கொட்டகைக்குள், பிளாஸ்டிக் மேசையில், முதுகைக் காட்டிக்கொண்டு காதுக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தார். சுடும்போது ஏற்றியிருக்கும் கொடி இறங்கியதும் ஆட்கள் காகிதத்தைக் கழற்றிக்கொண்டு போய் அவரிடம் கொடுப்பார்கள். அவர் சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு ஓட்டையாகப் புள்ளி வைத்து எண்ணுவார். பின்னால் அடுத்த வரிசை வெடிக்கத் தொடங்கும். ஒவ்வொரு வெடிக்கும் பேனா ஒரு கணம் நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். நான் அதைக் கவனித்தேன். 

என் காகிதங்களை வாங்கி எண்ணினார். முப்பது மீட்டரில் ஐந்தாம் நம்பர்: வட்டத்துக்குள் நூற்று நாலு, தலை கழுத்தில் பன்னிரண்டு. நாற்பது மீட்டரில்: வட்டத்துக்குள் ஐம்பத்தெட்டு, தலை கழுத்தில் ஐந்து. இரண்டாம் நம்பர் முப்பது மீட்டரில் நாற்பத்தொன்று, தலை கழுத்தில் மூன்று. நாற்பது மீட்டரில் பதினேழு. தலையில் எதுவுமில்லை. கழுத்தின் ஓரத்தில் ஒன்று உரசிக்கொண்டு போயிருந்தது.

"இதைப் பாருங்கோ," என்றார். வட்டத்துக்குள் ஓரிடத்தில் என் முழுக் கையை விரித்து வைக்குமளவுக்கு ஓட்டையே இல்லாத வெற்றுக் காகிதம். "இதுக்குள்ள ஒரு கோழியே நிக்கலாம். நீங்கள் சரியாத்தான் குறிபாத்திருக்கிறீங்கள். உங்களில பிழை இல்லை. தோட்டாவில பிழை."

"அப்ப நாப்பதுக்கு மேல போகக்கூடாது."

"முப்பத்தஞ்சு. நாப்பது எண்டு நினைச்சா நீங்கள் ஐம்பதில நிப்பீங்கள். எல்லா ஆம்பிளையளும் அப்பிடித்தான்."

"நீங்க ஒரு தடவை சுட்டுப் பாருங்களேன் அக்கா."

"எனக்கு எண்ணுறதே போதும்," என்றார்.

அந்தக் காகிதங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி பிரவீணா, "பேப்பர்ல ஓட்டை எண்ணறதுக்குன்னே ஒரு அம்மாவா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

தீவுக்குச் சின்ன விமானத்தில் போனோம். தேவையான அனுமதியெல்லாம் கிரெக் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தான். முதல் நாள் விடிந்ததும் அவனும் நானும் ஒரு புதரோரம் உட்கார்ந்தோம். அவன் மரப்பெட்டி ஒன்றை உரசிப் பெட்டைக் கோழி மாதிரிச் சத்தம் எழுப்பினான். அரைமணி நேரம் கழித்து ஒரு சேவல் மேய்ச்சல் நிலத்தின் வேலியைத் தாண்டி, தயங்கித் தயங்கி வந்தது. நெஞ்சு வெயிலில் செம்பு மாதிரி மின்னியது. தலை நீலமும் சிவப்பும். அவ்வளவு அழகான பறவை என்று நான் எதிர்பார்க்கவில்லை. இருபத்தெட்டு மீட்டரில் நாங்கள் நட்டு வைத்திருந்த குச்சியைத் தாண்டியது. கழுத்தை நீட்டியது. சுட்டேன். விழுந்த இடத்திலேயே கிடந்தது. கிட்டப் போனபோது கண் மூடியிருந்தது. ஐந்தாம் நம்பர்.

அன்று முழுவதும் எனக்குள் ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் மறுநாள் என்னைக் கெடுத்தது.

மறுநாள் காலை எந்தக் கோழியும் கிட்ட வரவில்லை. பத்து மணிவாக்கில், மேட்டின் அந்தப் பக்கம், முந்தைய நாளுடையதைவிடப் பெரிய சேவல் ஒன்று தனியாக நடந்துபோனது. "ரொம்பத் தூரம், விடு," என்றான் கிரெக். எனக்கு அது நாற்பதுதான் என்று பட்டது. கீழ்க்குழலில் ஐந்தாம் நம்பர், மேல்குழலில் இரண்டாம் நம்பர் போட்டு வைத்திருந்தேன். அதற்காகத்தானே வாங்கினோம் என்ற எண்ணம். மேல்குழலைச் சுட்டேன்.

கோழி சுருண்டு விழுந்தது. நான் எழுந்து கத்தக்கூடச் செய்தேன். கத்தி முடிப்பதற்குள் அது எழுந்தது. ஓர் இறக்கை தரையில் இழுபட, கழுத்தைக் கோணலாக வைத்துக்கொண்டு ஓடியது. தேயிலைமரப் புதர் என்று சொல்லும் அடர்ந்த காட்டுக்குள் போய் மறைந்துவிட்டது.

கிரெக் ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் சுட்ட இடத்திலிருந்து அது விழுந்த இடத்துக்கு நடந்தான், காலடிக்கு ஒரு மீட்டராக எண்ணிக்கொண்டே. "ஐம்பத்தேழு," என்றான்.

மாலை நாலு மணிவரை தேடினோம். புதருக்குள் குனிந்து, சில இடங்களில் தவழ்ந்து. ஓர் இறகு கிடைத்தது. பிறகு ஓர் இலையில் ஒரு துளி இரத்தம். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. அன்று இரவு பண்ணை வீட்டில் நல்ல சாப்பாடு. எனக்கு இறங்கவில்லை. மறுநாள் விமானம் பதினொரு மணிக்கு. விடிந்ததும் நான் தனியாகப் போய்த் தேடினேன். முந்தைய நாள் இரண்டு முறை கடந்துபோன இடத்திலேயே, பெரணிச் செடிகளுக்கு அடியில் அது உட்கார்ந்திருந்தது. உயிரோடு. நான் கிட்டப் போனதும் எழப் பார்த்தது, முடியவில்லை. கண் என்னையே பார்த்தபடி இருந்தது. ஒரு ராத்திரி முழுக்க அது அப்படியே உட்கார்ந்திருக்கிறது. நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை.

மெல்போர்ன் திரும்பிய பிறகு நான் கடைப் பக்கமே போகவில்லை. டாண்டெனாங் போகும்போதுகூட அந்தத் தெருவை விட்டு அடுத்த தெருவில் ஓட்டினேன்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், தமிழ்க் கடை வாசலில் அரிசி மூட்டையைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து குரல் கேட்டது.

"என்ன பிரதீப்குமார், வான்கோழி கிடைச்சதே?"

கையில் உறைந்த மீன் பையோடு நிரஞ்சினி அக்கா நின்றார். கிடைத்தது, இருபத்தெட்டு மீட்டர், ஐந்தாம் நம்பர், அசையவேயில்லை என்று வேகமாகச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "நல்லது." பிறகு, சாதாரணமாகத்தான் கேட்டார்: "மற்றப் பெட்டி?"

பொய் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஐம்பத்தேழு என்றபோது அவர் கண்ணை மூடித் திறந்தார். மறுநாள் காலை உயிரோடு இருந்ததைச் சொன்னபோது மீன் பையைத் தன் காரின் மேல் வைத்தார். வண்டி நிறுத்துமிடத்தில் ஆட்கள் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். 

"எங்கட பங்கருக்குப் பக்கத்தில ஷெல் விழுந்தது," என்றார். "மே மாசம், சண்டை முடியிற கிழமை. அம்மா, நான், நடுவில தங்கச்சி வதனி. எனக்கு அஞ்சு துண்டு பட்டது. அம்மாவுக்கு ரெண்டு. வதனிக்கு ஒண்டே ஒண்டுதான். எங்களைப் பாத்தவையெல்லாம் நான்தான் சாகப்போறன் எண்டு நினைச்சவை. அவவைப் பாத்தா ஒரு காயமும் தெரியாது. வயித்தில ஒரு சின்ன ஓட்டை. ரெண்டு நாள் கிடந்தவ. தண்ணி கேட்டுக்கொண்டே கிடந்தவ. தண்ணி குடுக்கக்கூடாது எண்டு ஆரோ சொல்லிச்சினம். நான் குடுக்கேல்லை." நிறுத்தினார். "இப்பவும் எனக்கு அதுதான். சாகிறதைப் பற்றி இல்லை. அந்த ரெண்டு நாளைப் பற்றி."

 "மன்னிச்சிருங்க அக்கா," என்றேன், எதற்கென்று தெரியாமலே.

"என்னட்ட என்னத்துக்கு? நான் உங்களை ஏசுறதுக்குச் சொல்லேல்லை. ஆக்கள் சுடத்தான் போறாங்கள். நான் அந்தக் கடையை விட்டுப் போனாலும் போறாங்கள். நான் நிண்டா, வாற பத்துப் பேரில ஆறு பேரிட்டயாவது கிட்டப் போய் நிண்டு சுடுங்கோ எண்டு சொல்லுவன். அதுக்குத்தான் நிக்கிறன். ஹீற்றருக்கு மட்டும் இல்லை." லேசாகச் சிரித்தார். பிறகு, "ஒரு உதவி செய்யிறீங்களே? பெப்ரவரியில திரும்ப ஒரு சோதனை நாள் இருக்கு. அதில வந்து இதைச் சொல்லுங்கோ. நான் சொன்னா, சுட்டே பாக்காத பொம்பிளை எண்டு சிரிப்பாங்கள். நீங்கள் சொல்லுங்கோ."

"எல்லார் முன்னாலயுமா?"

"ஓம். வெக்கமாத்தான் இருக்கும்."

வெட்கமாகத்தான் இருந்தது. பெப்ரவரியில் அந்தத் தகரக் கொட்டகைக்கு வெளியே பதினான்கு பேர் முன்னால் நின்று, என் ஆங்கிலத்தில், ஐம்பத்தேழு மீட்டரிலிருந்து பெரணிச் செடிவரை சொன்னேன். வதனியைப் பற்றிச் சொல்லவில்லை. அது என் கதை அல்ல. ஒருவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவன், "எல்லோருக்கும் நடப்பதுதான்," என்று தோளில் தட்டினான். ஆனால் முடிந்த பிறகு, கை நடுங்குகிற ஒரு வயதான விவசாயி என்னைத் தனியே கூப்பிட்டு, தன் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா சரி, எவ்வளவு தூரம் என்று காகிதத்தில் எழுதித் தரச் சொன்னார். நான் அவரை நிரஞ்சினி அக்காவிடம் அழைத்துப் போனேன். இருவரும் ஒரு காகிதத்தின் மேல் குனிந்து நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கிளம்பும்போது, அந்த முதல் வான்கோழியின் கறி இன்னும் என் ஃப்ரீசரில் கிடக்கிறது, பிரவீணா சமைக்க மாட்டேன் என்கிறாள் என்று பேச்சுவாக்கில் சொன்னேன்.

"கொண்டு வாங்கோ, அம்மா நல்லாக் காய்ச்சுவா," என்றார். உடனே குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்டு. நான் தோட்டா மேசையில நிக்கிறது அம்மாவுக்குத் தெரியாது. இன்னும் தூண்டில் பக்கம் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கிறா. தெரிஞ்சா உடைஞ்சுபோயிடுவா. நீங்கள் வாயைத் திறக்காதேங்கோ."

அடுத்த ஞாயிறு நோபல் பார்க்கில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மாவின் பெயர் சிவசோதி. மெலிந்த உடம்பு, இடது காலை இழுத்து நடப்பார். நான் அவர்கள் உச்சரிப்பிலேயே அன்ரி என்றுதான் கூப்பிட்டேன். சமையலறையில் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, கறியைப் பார்த்து, கோழியைவிடக் கறுப்பாக இருக்கிறதே என்று வியந்து, மிளகும் பெருஞ்சீரகமும் அரைத்துப் போட்டு ஒன்றரை மணிநேரம் வேகவிட்டார். பிட்டு அவித்தார். சாப்பிட உட்கார்ந்தோம். அவ்வளவு ருசியான கறியை நான் மெல்போர்னில் சாப்பிட்டதில்லை.

"இதை எப்பிடிப் பிடிச்சனீங்கள் தம்பி?" என்று கேட்டார்.

"சுட்டதுங்க அன்ரி. அக்காதான் எந்தத் தோட்டான்னு..." என்று ஆரம்பித்து, எதிரே நிரஞ்சினி அக்காவின் முகம் மாறியதைப் பார்த்து, பிட்டை வாயில் போட்டுக்கொண்டேன். காலம் கடந்துவிட்டது.

சிவசோதி அன்ரி கரண்டியைக் கறிச் சட்டியிலேயே விட்டார்.

"எனக்குத் தெரியும்," என்றார்.

"என்னம்மா தெரியும்?" மகளின் குரல் சின்னப் பிள்ளையுடையது மாதிரி இருந்தது.

"முந்தி உன்ர உடுப்புத் தோய்க்கேக்க இரால் மணக்கும், புழு மணக்கும். ரெண்டு வரியமா ஒண்டும் மணக்கேல்லை. அந்தக் கடையில வேற என்ன விக்கிறவை? நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

யாரும் சாப்பிடவில்லை. வெளியே பக்கத்து வீட்டில் யாரோ புல்வெட்டும் எந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நிரஞ்சினி அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தாமலேயே, அன்றைக்குத் தமிழ்க் கடை வாசலில் என்னிடம் சொன்ன அதே பேச்சை, ஆனால் மெதுவாக, தடுக்கித் தடுக்கித் தன் அம்மாவுக்குச் சொன்னார். யார் வருகிறார்கள், என்ன கேட்கிறார்கள், தான் என்ன சொல்லி அனுப்புகிறார், எத்தனை பேர் கேட்கிறார்கள், எத்தனை பேர் கேட்பதில்லை. 

எல்லாம் முடிந்ததும் அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப, நீ சொல்லுற மாதிரிச் சுட்டா, அதுகள் வேதனைப்படாமச் சாகுமோ?"

"கிட்ட நிண்டு சுட்டாச் சாகும், அம்மா."

 சிவசோதி அன்ரி எழுந்து போய், அடுப்பிலிருந்த பிட்டை எடுத்து வந்து, கேட்காமலேயே முதலில் மகளின் தட்டிலும் அப்புறம் என் தட்டிலும் வைத்தார்.

"ஆறமுன்னம் சாப்பிடுங்கோ," என்றார்.